ஏழுமலைக்குப் பசி எடுத்துவிட்டது!

உடம்பு சரியில்லாதவரைப் பார்க்கப் போகும்போது நீங்கள் என்ன வாங்கிக்கொண்டு போவீர்கள்? ஆப்பிள், சாத்துக்குடி, பிரெட்... கொஞ்சம் தாராள மனசு என்றால் பாலில் கலந்து குடிக்கிற சத்து பவுடர் டின் ஒன்று. போன சனிக்கிழமை நானும் அதைத்தான் வாங்கிக்கொண்டு போனேன்.

டின்னைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

"எடுத்துக்கினு போயிடுங்க சார். இத்தக் குடிச்சா அண்ணன் தேறிடுவாரு."

விளையாட்டுக்குச் சொல்கிறாரோ என்று முகத்தைப் பார்த்தேன். ஊஹூம். சீரியஸாகத்தான் சொன்னார். சொன்னவர் யார் தெரியுமா? நோயாளியின் கூடப்பிறந்த தங்கை!

முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன். ஊர், கும்மிடிப்பூண்டி பக்கம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். பெயர்களையும் மாற்றியிருக்கிறேன். ஏன் என்பது போகப் போகப் புரியும்.

ஆபீஸ் வேலையாக அடிக்கடி கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைக்குப் போகிறவன் நான். கம்பெனி கேட்டுக்கு எதிரே அம்சாவின் நாஷ்டா கடை. இட்லி சுமார்தான். வடகறி பிரமாதம். போன வருஷம் ஒரு நாள் அம்சா கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்று அழுதார். என்னம்மா என்றேன்.

அவருடைய அண்ணன் ஏழுமலை ஆயுள் தண்டனைக் கைதி. ஃபேக்டரிக்காரர்கள் நிலம் வாங்க ஆரம்பித்த சமயத்தில், வரப்பு எது என்று பக்கத்து நிலத்துக்காரரோடு தகராறு. வாய்ச்சண்டை முற்றி மண்வெட்டியால் ஒரு போடு. அந்த மனிதர் அங்கேயே போய்விட்டார். பல வருஷம் ஜெயிலில் கிடந்த ஏழுமலைக்கு இரண்டு நுரையீரலும் கெட்டு, எலும்பும் தோலுமாக ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள்.

"கால்ல சங்கிலி மாட்டி கட்டுல்ல கட்டி வெச்சிக்கிறாங்க சார். ஒண்ணுக்குப் போவ எழுந்துக்க முடியல... எங்க சார் ஓடப் போறாரு? சாவறதுதான் சாவறாரு, எங்க நைனா கட்டுன ஊட்ல வந்து சாவட்டுமே!"

ஞாபகமிருக்கிறதா? அந்த வாரம் இதே பக்கத்தில் கொதித்து எழுதியிருந்தேன். சாகப் போகிற கைதிகளை வீட்டுக்கு அனுப்பினால் அரசாங்கத்தின் குடி முழுகிப் போய்விடுமா என்று கேட்டிருந்தேன். பாராட்டிக் கடிதங்கள் வந்தன. 'மண்வெட்டியால் அடிபட்டுச் செத்தவனுக்கு எவன் கருணை காட்டினான்?' என்று ஆவடி வாசகர் ஒருவர் திட்டியும் எழுதினார். அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது.

நான் எழுதியதாலா, அவர்களே மனு போட்டு அலைந்ததாலா... நிச்சயமாக இரண்டாவதுதான். ஊருக்குள் விட்டால் பிரச்னை வருமா என்று அதிகாரிகள் விசாரிக்க வந்தார்கள். செத்தவரின் மனைவி சரோஜா அதே தெருக்கோடியில்தான் இருக்கிறார். அவரிடமும் கேட்டார்கள். "சாவறவன்தானே... வரட்டும்" என்று சொல்லிவிட்டாராம். டாக்டர்களும் கை விரித்துவிட்டதால் ஏழுமலையைத் தற்காலிகமாக வீட்டுக்கு அனுப்பினார்கள். கண்டிஷன் உண்டு. அவ்வப்போது ஆஸ்பத்திரியில் காட்டி, உடம்பு மோசமாகத்தான் இருக்கிறது என்று டாக்டரிடம் சர்டிபிகேட் வாங்க வேண்டும். தேறிவிட்டால்? திரும்ப உள்ளே.

அந்தக் கடைசி வரியை நான் அப்போது கவனிக்கவே இல்லை. சாகப் போகிறவருக்கு அதெல்லாம் எதற்கு?

ஆனால் ஏழுமலை சாகவில்லை!

வீட்டுக்கு வந்தார். காற்றோட்டமாகப் படுத்தார். அம்சா வேளாவேளைக்கு மாத்திரை கொடுத்தார், வஞ்சிர மீன் குழம்பு வைத்துக் கொடுத்தார். கொஞ்சம் கொஞ்சமாக இருமல் குறைந்தது. கன்னத்தில் சதை பிடித்தது. போன மாதம் எழுந்து உட்கார்ந்து இலவச கலர் டி.வி.யில் சீரியல் பார்த்திருக்கிறார். வேறு வீடாக இருந்தால் சாமிக்குப் பொங்கல் வைத்திருப்பார்கள். இந்த வீட்டிலோ அன்றைக்குப் பிடித்தது பயம்.

நான் போனபோது ஏழுமலை சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் வேகமாகப் படுத்துப் போர்வையை இழுத்துக்கொண்டார். அதிகாரி யாரோ என்று நினைத்துவிட்டாராம். அம்சா சொன்ன பிறகுதான் முகத்தைக் காட்டினார்.

"எப்படி இருக்கு உடம்பு?"

திருடி மாட்டிக்கொண்டவர் மாதிரி தலையைக் குனிந்துகொண்டார். "பசிக்க ஆரம்பிச்சிடுச்சி சார்."

"நல்லதுதானே..." என்று இழுத்தேன். அண்ணன், தங்கை இரண்டு பேருமே என்னை விசித்திரமாகப் பார்த்தார்கள்.

அம்சா என்னைச் சமையல்கட்டுப் பக்கம் கூட்டிக்கொண்டு போய் விஷயத்தைச் சொன்னார். ஆஸ்பத்திரிக்குப் போகிற வாரம் வந்துவிட்டால் அந்த வீட்டில் ஏழுமலைக்கு மீன் கிடையாது, சோறு கிடையாது. வெறும் கஞ்சித் தண்ணீர். தூங்கவும் விடுவதில்லை. கண் உள்ளே போய், கால் தள்ளாட, டாக்டர் முன்னால் போய் நிற்க வேண்டும். சர்டிபிகேட் கைக்கு வந்ததும் மறுபடி மீன் குழம்பு!

"போன தபா டாக்டரே சொல்லிட்டாரு சார், பரவால்லையே, வெயிட்டு ஏறிக்கீதேன்னு. எனக்கு அங்கியே மயக்கம் வந்துடுச்சி. அதான் இந்த வாட்டி..." அம்சா முந்தானையில் முடிந்து வைத்திருந்த மாத்திரைகளை எடுத்துக் காட்டினார். "இத்தயும் நிறுத்திட்டேன். அண்ணனுக்கும் தெரியும். குடுக்கலாமா வோணாமா, நீங்களே சொல்லுங்க சார். பேப்பர்ல எல்லாம் எழுதறீங்களே!"

"கொடும்மா. இப்பவே கொடு! இப்படிப் பாதியில் நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து."

"குடுத்தா பொழச்சிக்குவாரு. பொழச்சிக்கினா இட்டுக்கினு பூடுவாங்க. அங்க போனா மறுபடியும் அதே சங்கிலி, அதே சாவு. இங்கியே சாவட்டும் சார். நானாவது பக்கத்துல கீறேன்."

நானும் பிடிவாதமாக, மாத்திரையைக் கொடுத்தால்தான் கிளம்புவேன் என்று அங்கேயே நின்றேன். கடைசியில் அழுதுகொண்டே தண்ணீர் எடுத்துப் போய்க் கொடுத்தார். ஏழுமலையும் முழுங்கினார். நாளைக்குக் கொடுப்பாரா? சத்தியமாக எனக்குத் தெரியாது. டின்னை மட்டும் கடைசி வரை வாங்கவே இல்லை.

வாசகர்களே, நான் கேட்பது இதுதான். நாம் காட்டியது கருணையா? சாவதாக இருந்தால் வீட்டுக்குப் போகலாம் என்றோம். பிழைத்துத் தொலைத்தால் தப்பு என்று அந்தக் குடும்பம் புரிந்துகொண்டது. வேறு எப்படிப் புரிந்துகொள்ள முடியும்? அனுப்புவது என்று முடிவு செய்துவிட்டால் ஒரேயடியாக அனுப்பிவிட வேண்டும் ஸார். போன வருஷம் கொதித்ததைவிட இன்றைக்கு இன்னும் கொதிப்போடு சொல்கிறேன்.

இப்படியெல்லாம் பொருமிக்கொண்டே டின்னும் கையுமாகத் தெருவில் நடந்தேன். தெருக்கோடிக் குழாயடியில் ஒரு அம்மாள் குடத்தை வைத்துவிட்டு நிமிர்ந்தார். நெற்றியில் பொட்டு இல்லை. அம்சாவின் கடையில் ஒருமுறை தூரத்திலிருந்து காட்டியிருக்கிறார்கள். சரோஜா.

"அவனுக்கா வாங்கினு வந்தே?" என்று டின்னைக் காட்டிக் கேட்டார்.

தலையாட்டினேன்.

"சாவப் போறான்னு சொன்னாங்களேன்னுதான் சார் ஒத்துக்கினேன். பாவம்னுதான் ஒத்துக்கினேன்." குரலை உயர்த்தவே இல்லை. "இப்ப டெய்லி டி.வி. சத்தம் கேக்குது. எங்க ஊட்டுக்காரருக்குக் கூட டி.வி. பாக்கணும்னா உசுரு."

ஒரேயடியாக அனுப்பிவிட வேண்டும் என்று இப்போதுதானே கொதித்தேன்? அதை இந்த அம்மாளிடம் சொல்லிப் பார்க்க எனக்குத் துணிச்சல் வரவில்லை.

"வாங்கலையா அவுங்க?"

"இல்லைம்மா..."

"போய்க் குடுத்துட்டு வா சார். நல்லாக் குடிக்கட்டும். நல்லாத் தேறட்டும்." குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். "தேறுனாதான உள்ள போவான்?"

டின் இதோ, என் மேஜை மேல்தான் இருக்கிறது. பிரிக்கவில்லை.

ஏழுமலை பிழைத்து எழ வேண்டும் என்று அந்த ஊரில் மனசார வேண்டிக்கொள்கிற ஒரே ஜீவன்... அவர் கொன்றவரின் மனைவி!