சீனிக்கட்டி வளையம்

2007 நவம்பர் 14, புதன்கிழமை. வழக்கம்போல் காலை ஐந்தே முக்காலுக்கு, ஹம்பேர்க்கில் நான் வேலை செய்யும் சலவைக்கூடத்தைத் திறந்தேன். பத்து மணி இடைவேளைக்குக் கோப்பி போட்டேன்.

அங்கே படுக்கைவிரிப்பு மடிக்கும் எங்கள் நாட்டுக்காரர் ஒருவர் எதிரே வந்து அமர்ந்தார். முப்பது வயதிருக்கும்; இடது காதில் பாதி இல்லை. பின்னாளில் அரசுப் படையோடு சேர்ந்துகொண்ட ஒரு தளபதியின் கீழ், இலங்கையில் விடுதலை இயக்கத்தில் போராடியவர். மேசையில் சீனிக்கட்டிகளை அடுக்கி, அந்தத் தளபதியின் சண்டைகளை விளக்குவது அவர் பழக்கம்.

அன்று ஒரு வளையம் அடுக்கி, ஒரு கட்டிக்கு மட்டும் இடம் விட்டார்.

"ஆமி சுத்தி வளைச்சாலும், நாங்கள் தப்ப எங்கட தளபதி இப்பிடி ஒரு வழி வைச்சிருப்பார், அண்ணை. அதாலதான் நான் உயிரோட இருக்கிறன்."

"பிறகு ஏன் மாறினவர்?"

"பதவிக்கெண்டு சனம் சொல்லுது. எங்களைக் காப்பாத்த எண்டு அவர் சொன்னவர். நான் அவரை நம்பி இயக்கத்தை விட்டு வெளிக்கிட்டன். என்ர தம்பி நம்பேல்லை, இயக்கத்திலயே நிண்டிட்டான்." விரலால் இடைவெளியைத் தொட்டார். "சுத்தி வளைச்சா அவன் இந்த வழியாலதான் ஓடி வருவான். இப்ப ஆமியோட சேந்து ஆள் அங்க காத்து நிப்பார்."

கையிலிருந்த கட்டியை இடைவெளியில் வைத்துவிட்டு அவர் எழுந்து போனார்.

மறுநாள் காலை கூடத்தைத் திறந்ததும், முதல் வேலையாக, மேசையில் அப்படியே இருந்த வளையத்திலிருந்து அவர் கடைசியாக வைத்த அந்த ஒரு கட்டியை மட்டும் எடுத்துவிட்டேன்.