நான் வெட்டிய இணையமும் ஜெசிந்தாவின் வகுப்பும்

இன்று மத்தியானம் மன்னார் டவுனில் ஒரு சாப்பாட்டுக் கடையில் இருந்தபடி, எங்கள் வங்காலை வீட்டு ரவுட்டரில் கைபேசியாலேயே ஒரு சின்ன மாற்றம் செய்தேன். அடுத்த நொடி வீட்டு இணையம் நின்றுவிட்டது.

உடனே மனைவி ஜெசிந்தா அழைத்தாள். வீட்டிலிருந்து ஒன்லைனில் கணிதம் படிப்பிக்கிறவள்.

"வகுப்பு நடுவில நிண்டுட்டுது. நாளைக்குப் பிள்ளையளுக்குச் சோதனை. என்ன செய்தனீங்கள்?"

"நான் ஒண்டும் செய்யேல்லையே."

"அப்பிடியெண்டா நீங்கள்தான்."

நல்லவேளை, வீட்டில் நான் நெட்வேர்க் பழகும் அறையில் கொன்சோல் சேவர் என்றொரு பெட்டி இருக்கிறது. அதிலிருந்து ஒவ்வொரு ரவுட்டருக்கும் தனி வயர் போகிறது. அதற்கென்று தனி சிம்மும் உண்டு. வீட்டு இணையம் செத்தாலும் அதன் வழியாக உள்ளே போகலாம். கைபேசியாலேயே நுழைந்து, செய்த மாற்றத்தை அழித்தேன். சோறு ஆறுவதற்குள் வகுப்பு திரும்பவும் தொடங்கியது.

வகுப்பு முடிந்ததும் பெருமை தாங்காமல் அழைத்தேன்.

"பாத்தீரோ, என்ர பெட்டி உம்மட வகுப்பைக் காப்பாத்திட்டுது."

"ஓம், பிள்ளையளுக்கும் சொல்லிட்டன். திருத்தினது பெட்டி, உடைச்சது எங்கட இவர் எண்டு."

அந்தப் பிள்ளைகள் இதை வாசித்தால், சோதனையை நல்லாச் செய்யுங்கோ. மற்றவர்கள் உங்கள் வீட்டு இணையத்தை நீங்களே வெட்டிய கதைகளைக் கீழே எழுதுங்கோ. நான் தனியாள் இல்லை என்று ஜெசிந்தாவுக்குக் காட்ட வேண்டியிருக்கிறது.