கார்த்திகையிலும் காய்த்த கத்திரி

என் கணவர் லாரி ஓட்டுவதை நிறுத்திவிட்டு வீட்டோடு வந்து சேர்ந்தது ஓர் ஆவணி மாதத்தில். முதுகில் ஜவ்வு விலகிவிட்டது, இனி ஸ்டியரிங்கைத் தொடவே கூடாது என்று சேலத்து டாக்டர் சொல்லிவிட்டார். சங்ககிரியில் லோடு ஏற்றிக்கொண்டு குஜராத், அசாம் என்று போய்க்கொண்டிருந்தவர். மாதத்தில் சில நாள் வீட்டில் இருந்தாலே அதிகம். நான் பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். மகளைக் கட்டிக்கொடுத்த பிறகு வீடும், வீட்டுக்குப் பின்னால் நான் போட்டிருந்த காய்கறித் தோட்டமும் என் போக்கில் நடந்துகொண்டிருந்தன.

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நாங்கள் தொடர்ந்து ஒரு மாதம் ஒரே கூரையின் கீழ் இருந்ததில்லை. அது அவர் வந்து உட்கார்ந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. காலையில் எழுந்ததும் பின்வாசலில் நாற்காலியைப் போட்டுக்கொள்வார். பழைய சகாக்களுக்குப் போன் போடுவார். “நாக்பூர் தாண்டிட்டயா? டீசல் அடிச்சிட்டயா?” உட்கார்ந்த இடத்திலிருந்தே ஊர் ஊராக ஓட்டிக்கொண்டிருந்தார். எனக்குப் பாவமாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது.

ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்து பார்த்தால் தோட்டம் மொட்டையாக நிற்கிறது. கத்திரி, மிளகாய், தக்காளி எல்லாவற்றையும் முழங்கால் உயரத்துக்கு வெட்டிச் சாய்த்திருந்தார்.

“ஏனுங்க, என்ன பண்ணி வெச்சிருக்கறீங்க? குனியக் கூடாதுன்னு டாக்டர் சொன்னாருல்ல?”

“தூக்கக் கூடாதுன்னுதான் சொன்னாரு புள்ள. மகாராஷ்டிராவுல லோடு எறக்கக் காத்துக் கெடந்தப்பப் பாத்தேன். ரோட்டோரத் தோட்டத்துல கத்திரிய இப்படித்தான் வெட்டிவுட்டாங்க. அடுத்த ட்ரிப்பு போனப்பப் பாத்தா மறுபடி காச்சுத் தொங்குது.”

“தக்காளியுமா?”

சற்று யோசித்தார். “அது தெரியல.”

என்னை ஒரு வார்த்தை கேட்காமல் வெட்டிவிட்டாரே என்ற கோபத்தில், அன்று இரவு சாப்பாட்டைப் போட்டு வைத்துவிட்டு உள்ளே போய்விட்டேன். வழக்கமாக ஆடி முடிந்ததும் கிழட்டுச் செடிகளைப் பிடுங்கிப் போட்டுவிடுவேன். புரட்டாசி வெயிலில் எதை நட்டாலும் வாடும், அதைத் தாண்டினால் ஐப்பசி மழையில் அழுகும். அதனால் தை வரைக்கும் பாத்தியைச் சும்மா விட்டுவிட்டுச் சந்தையில் வாங்கிக்கொள்வதுதான் பழக்கம். அதை மாற்ற வேண்டும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. அந்த வருஷம் அவருடைய ஆஸ்பத்திரி அலைச்சலில்தான் செடிகளைப் பிடுங்காமல் விட்டிருந்தேன்.

தக்காளி காய்ந்தே போனது. மிளகாயில் பாதி பிழைத்தது. கத்திரி மட்டும் சில நாளில் கணுவுக்குக் கணு பச்சை விட்டது. அதைப் பார்த்ததும் கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. நானாகவே போய்ச் செடிகளின் தூரில் தொழு உரம் வைத்து, வெயில் தாங்கக் காய்ந்த கரும்புச் சோகையைப் பரப்பினேன். அவர் கம்புகளை நட்டுப் பச்சை வலையைக் கட்டினார். அந்த நிழலில் மேட்டுப்பாத்தி போட்டுத் தக்காளி விதையைப் புதிதாகத் தூவினேன். அந்த மாதம் நாங்கள் பேசியதெல்லாம் செடிகளைப் பற்றித்தான். ஆனாலும் பேசினோம்.

நாற்று தலைதூக்கிய சமயம் ஒரு சாயங்காலம் சங்ககிரி மலைக்கோட்டைப் பக்கம் வானம் கருத்துக்கொண்டு வந்தது. அவர் ஓடிப்போய் வீட்டில் கிடந்த பழைய லாரித் தார்ப்பாயை இழுத்து வந்தார்.

“முதுகுங்க!” என்று கத்தினேன்.

“அப்ப அந்தப் பக்கம் புடி!”

ஆளுக்கொரு முனையைப் பிடித்துப் பாத்திக்கு மேல் இழுத்தோம். மழை அடிக்க அடிக்க அவர் கயிறு போட்டார். நனைந்துபோய்ச் சமையல்கட்டு வாசலில் நின்றோம். தார்ப்பாயில் மழை விழும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே அவர் சொன்னார்: “அசாமுல ஒருக்கா இப்படித்தான் மழை. ரோட்டையே தண்ணி அடிச்சிட்டுப் போயிருச்சு. வண்டி மேல ஏறி உக்காந்திருந்தேன். மறுநாள்தான் படகு வந்துச்சு.”

“எங்கிட்டச் சொல்லவே இல்லீங்களே?”

“போன்ல என்னத்தச் சொல்றது? நீ பயந்துக்குவ.”

அவர் திரும்பி வந்த எத்தனையோ தடவை, எதைக் கடந்து வந்தார் என்று நான் கேட்டதில்லை. குளித்தீர்களா, சாப்பிடுகிறீர்களா என்றுதான் கேட்டிருக்கிறேன். மழை விடும்வரை அவர் சொல்லிக்கொண்டிருந்தார், நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

கார்த்திகையில் ஊரில் யார் தோட்டத்திலும் கத்திரி இல்லை. எங்கள் செடிகளில் சின்னச் சின்னதாக, பளபளவென்று காய்த்தது. முதல் பறிப்பில் எண்ணெய்க் கத்திரிக்காய் செய்து அவர் தட்டில் நிறைய வைத்தேன். கையமர்த்தினார்.

“போதும் புள்ள. எனக்குக் கத்திரிக்காய் அவ்வளவாப் புடிக்காது.”

கரண்டியோடு அப்படியே நின்றேன். அவர் வரும்போதெல்லாம் அதைத்தான் ஆக்கிப் போட்டிருக்கிறேன்.

“அப்பறம் எதுக்குங்க வெட்டிவுட்டுக் காய்க்க வெச்சீங்க?”

“உனக்குப் புடிக்குமில்ல? எனக்குப் போட்டுட்டு, சட்டியில மிச்சம் இருக்கறதுல சோத்தைப் பெசஞ்சு திங்கறப்ப உன்ற மொகத்தைப் பாத்திருக்கறேன்.”

எனக்குச் சிரிப்பு வந்தது, கூடவே கண்ணும் கலங்கியது. “உங்களுக்கு என்னதான் புடிக்கும்?” என்று கேட்டேன். இத்தனை வருஷம் கழித்துக் கேட்கிற கேள்வியா அது?

“அவரைக்காய்” என்றார், தலையைத் தூக்காமலே.

தை பிறந்ததும் சங்ககிரியில் ஒரு லாரி புக்கிங் ஆபீசில் அவருக்கு உட்கார்ந்து பார்க்கிற வேலை கிடைத்தது. சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிடலாம். முதல் நாள் காலையில் அவருக்கு டிபன் பாக்ஸ் கட்டினேன், வாழ்க்கையில் முதல் தடவையாக. வேலியில் படர்ந்திருந்த கொடியிலிருந்து பறித்து அவரைக்காய்ப் பொரியல் வைத்திருந்தேன். மூடியைத் திறந்து பார்த்தார். அழுத்தி மூடிப் பையில் வைத்துக்கொண்டு, “வாரேன் புள்ள” என்று கிளம்பினார்.