முதுகில் பட்ட காற்று

தாம்பரத்துக்கு வந்த புதிதில் என்னைத் தடுமாற வைத்த சொல் 'பேஜார்'. எங்கள் ரங்கூன் தமிழில் 'பஜார்' உண்டு. கடைத்தெரு என்று பொருள். ஒன்பதாம் வகுப்பு எஸ்தர் ஒருநாள் தாமதமாக வந்து, "வூட்ல ஒரே பேஜாரு டீச்சர்" என்றாள். "வீட்டுலயே கடை வச்சுட்டீங்களா? என்ன விக்கிறீங்க?" என்று அக்கறையாகத்தான் கேட்டேன். வகுப்பே சிரித்தது, அவளைத் தவிர. அவள் அம்மா பக்கவாதம் வந்து படுக்கையில் கிடக்கிறார் என்று பக்கத்திலிருந்த பெண் சொன்ன பிறகே, பேஜார் என்றால் தொல்லை என்று எனக்கு விளங்கியது.

ரங்கூனில் நான் ஆஸ்பத்திரி நர்ஸ். புதிதாக வரும் பெண்களுக்கு வேலை சொல்லிக்கொடுப்பேன். 'சயாமா', அதாவது ஆசிரியை, என்று அழைத்து, என்னைக் கடக்கும்போது உடலைத் தாழ்த்திப் போவார்கள். கணவருக்கு வேலை போனதும் கப்பலேறினோம். பர்மாக்காரியான என் அம்மா வர மறுத்து என் தங்கையோடு அங்கேயே தங்கிவிட்டார். இங்கே பெண்கள் பள்ளி ஒன்றில் சுகாதாரமும் நோயாளி பராமரிப்பும் கற்பிக்கும் வேலை கிடைத்தது. தாம்பரத்துப் பெண்கள் தாழ்ந்து போவதில்லை. கேள்வி கேட்டுக்கொண்டே கூட வருவார்கள்.

எஸ்தர் தாமதமாக வந்த அன்று, கொசுவைப் பற்றிய பாடத்தை நிறுத்திவிட்டு இரண்டு பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டேன். ஒரு பெண் நோயாளியாகப் படுத்தாள். அவளை எப்படிப் புரட்டுவது, முதுகை எப்படித் துடைப்பது, படுத்திருக்கும்போதே விரிப்பை எப்படி மாற்றுவது என்று காட்டினேன். எல்லோரும் கிச்சுக்கிச்சு மூட்டியதுபோல் சிரித்தபடி செய்துபார்த்தார்கள். எஸ்தர் மட்டும் சிரிக்காமல் இரண்டுமுறை செய்தாள். பிறகு மெதுவாக, "ஏற்கெனவே புண்ணு வந்துட்டா இன்னா டீச்சர் செய்யறது?" என்றாள்.

பள்ளி விட்டதும் பக்கத்து அஸ்தினாபுரத்தில் இருந்த அவள் வீட்டுக்கு அவளோடு போனேன். வாசலுக்கு வரும்போதே வாடை தெரிந்தது. அவள் அப்பா குறுக்கே நின்றார்.

"வாணாம் டீச்சர். அசைச்சா உயிருக்கே ஆபத்து."

"டாக்டர் சொன்னாரா?"

"இல்ல, அக்கம்பக்கத்துல சொன்னாங்கோ."

எஸ்தர் பையைக் கீழே வைத்தாள். "கிளாஸ்ல நானே பண்ணேன்பா. நீ தோளப் புடி, நான் இடுப்பப் புடிக்கிறேன்."

அவர் என்னைப் பார்த்தார். நான் தலையசைத்தேன். மூவருமாகப் புரட்டினோம். முதுகின் கீழே உள்ளங்கை அகலத்துக்குப் புண். அதைப் பார்த்ததும் அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். அந்த அம்மா அழுதார். வலியால் என்று நினைத்தேன். குழறிய வாயால், "காத்து... முதுவுல காத்து படுது" என்றார்.

மறுநாள் டாக்டரை வரவழைத்தோம். மருந்து அவருடையது, வேளை தவறாமல் புரட்டிப் படுக்கவைத்தது எஸ்தரும் அவள் அப்பாவும். புண் ஆறப் பல மாதங்கள் ஆயின. அவள் அம்மாவுக்கு நடை திரும்பவில்லை, பேச்சு ஓரளவு தெளிந்தது.

நானும் அவ்வப்போது போய்வந்தேன். ஒரு ஞாயிறு, ஈரத்துணியால் அவருக்கு முதுகு துடைத்துக்கொண்டிருந்தபோது கேட்டார்: "உங்கம்மா எங்க கீறாங்க, டீச்சர்?"

"ரங்கூன்ல. வயசாயிடுச்சு."

"அவங்களுக்கு யாரு இதெல்லாம் செய்யறாங்கோ?"

தங்கை இருக்கிறாள் என்றேன். துணியை நனைத்துப் பிழிந்து மறுபடி வைத்தேன். எந்த அம்மாவின் முதுகைத் துடைக்கிறோம் என்று ஒரு கணம் என் கைக்குத் தெரியவில்லை.