வெளியே உட்காரச் சொன்ன டாக்டர்

பிள்ளைகளே, இங்கே வளைகுடாவில், சோஹாரில் இன்ஷூரன்ஸ் கம்பெனியிலிருந்து போன் வந்தால் பணம் கட்டச் சொல்லித்தான் என்று நினைக்க முடியாது. "இந்த வாரம் சிகரெட் எப்படி?" என்று விசாரிக்கவும் கூப்பிடுகிறார்கள். உங்கள் அம்மாவின் தம்பி செல்வத்துக்கு அப்படி வாரம் தவறாமல் போன் வந்தது.

செல்வமும் நானும் ஒரே டைல்ஸ் ஃபேக்டரி, ஒரே அறை. விருத்தாசலத்தில் பீங்கான் சூளையில் இருந்தபோதே அவனுக்கு அந்தப் பழக்கம் உண்டு. ஆனால் அக்கா புருஷன் முன்னால் புகைக்கலாமா? என் செருப்புச் சத்தம் கேட்டாலே கீழே போட்டு மிதித்துவிடுவான். எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும் என்பது அவனுக்கும் தெரியும். இருவரும் பேசியதில்லை. நம் பக்கம் அதற்குப் பேர் மரியாதை.

போன கோடையில் அவன் கால் பெருவிரல் கறுத்தது. கம்பெனி கொடுத்த இன்ஷூரன்ஸ் கார்டை எடுத்துக்கொண்டு கூட்டிப்போனேன். எகிப்து டாக்டர். ரத்தக்குழாய் அடைக்கிறது, புகை நிற்காவிட்டால் விரல் போகும், பிறகு பாதமும் போகலாம் என்றார். புகைப்பாரா என்று என்னிடம் இங்கிலீஷில் கேட்டார். நான் அதைத் தமிழில் அவனிடம் கேட்டேன்.

"அதெல்லாம் பழக்கமே இல்லிங்க மாமா, சொல்லுங்க" என்றான் செல்வம். சட்டைப் பையில் பெட்டி துருத்திக்கொண்டிருந்தது.

டாக்டர் என்னை வெளியே உட்காரச் சொன்னார். என் இங்கிலீஷ் பிடிக்காமல் துரத்துகிறார் என்று எனக்குக் கோபம். உள்ளே அவனுடைய அரைகுறை அரபியில் பேச்சு நீண்டுகொண்டே போனது. ஊரில் நம் டாக்டரும் "சிகரெட்ட வுட்டுடுய்யா" என்பார். அதற்குள் திட்டக்குடியிலிருந்து பஸ் ஏறி வந்தவர்கள் கதவைத் தள்ளிக்கொண்டு நிற்பார்கள். அவரைக் குறை சொல்ல முடியாது. உட்கார்ந்து பேசும் நேரத்துக்கு அவருக்கு யார் காசு கொடுக்கிறார்கள்? ஊரில் எனக்குத் தெரிந்த இன்ஷூரன்ஸ் எல்லாம் ஆள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்த பிறகுதான் கண்ணைத் திறக்கும்.

செல்வம் வெளியே வந்தபோது கையில் சிகரெட் ஆசையைக் குறைக்கும் மருந்து ஒட்டுப்பட்டை இருந்தது. என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் இல்லாத இடத்தில்தான் அவனுக்கு உண்மை வந்திருக்கிறது.

அந்த வாரமே இன்ஷூரன்ஸ் நர்ஸ் கூப்பிட்டார். மலையாளப் பெண், தமிழ் பேசினார். டாக்டர் பேசிய நேரத்துக்கும் பட்டைக்கும் இன்ஷூரன்ஸ் கம்பெனியே பணம் கொடுக்கிறதாம். தான் வாராவாரம் விசாரித்து டாக்டருக்குச் சொல்வதாகவும், அவர் அதைப் பார்த்து மருந்தை மாற்றுவார் என்றும் சொன்னார்.

"சிகரெட் குடிக்கிறேன்னு தெரிஞ்சா கார்ட கட் பண்ணிடுவீங்களா?" என்று கேட்டான்.

"கால் போனா செலவு எங்களுக்குத்தான் அண்ணா. நாங்க பயந்துதான் கூப்பிடறோம்."

சிரித்துவிட்டான். அதன்பிறகு அந்தப் போன் வந்தால் நான் வராந்தாவுக்குப் போய்விடுவேன். விரல் மெல்ல நிறம் திரும்பியது.

இப்போது லீவில் உங்களோடு இருக்கிறான். அந்த நர்ஸின் போன் அங்கே வராது. சாப்பிட்டதும் கடைப்பக்கம் போகிறேன் என்றால் நீங்களும் கூடப் போங்கள்.

நேற்று விருத்தாசலம் ரயில் ஸ்டேஷனிலிருந்து கூப்பிட்டான். "மாமா, ஒண்ணு பத்த வச்சிட்டேன். பாதியில அணைச்சிட்டேன். இங்க கேக்க ஆளு இல்ல, அதான் உங்ககிட்ட சொல்றேன்."

அந்தப் பக்கம் சேலம் வண்டியின் அறிவிப்பு, இந்தப் பக்கம் ஏ.சி. இரைச்சல். என் ஊரில் அவன் நிற்கிறான். அவன் கட்டிலில் நான் உட்கார்ந்திருக்கிறேன்.

"சரி வுடு. எந்த நேரத்துல தோணுச்சு, அத சொல்லு" என்றேன். அக்கா புருஷன் கேட்கிற கேள்வி இல்லை அது. அவன் சொல்ல ஆரம்பித்தான்.