புளியமரம் விழுந்த பக்கம்

"டேய், கயித்தக் கட்டாம அறுக்கிறியே, ஒன் தலையிலதான் வுழும்!"

சிங்கராயர் ஜீப்பிலிருந்து குதித்து ஓடினார். வடக்கனந்தலைத் தாண்டி, சாலையோரப் புளியமரத்தைச் சில வாலிபர்கள் அறுத்துக்கொண்டிருந்தார்கள். எண்பத்தேழாம் வருடம். இடஒதுக்கீடு கேட்டு வட மாவட்டங்களில் சாலை மறியல். சிங்கராயர் கயிற்றை உயரக் கிளையில் வீசச் சொன்னார். வேடிக்கை பார்த்தவர்களைத் தள்ளி நிறுத்தினார். மரம் யார் மேலும் படாமல், சாலைக்குக் குறுக்கே அளந்து வைத்ததுபோல் விழுந்தது.

ஜீப் இந்தப் பக்கம் நின்றது. வெள்ளிமலை அந்தப் பக்கம் இருந்தது. அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

ஜீப் நிறையத் தார்ப்பாய்கள். வெள்ளிமலைக்கு மேலே ஒரு சிற்றூரில் சூறைக்காற்று கூரைகளைப் பிய்த்துப் போட்டிருந்தது. முந்தின நாள் சேதம் பார்க்கப் போனபோது, பிள்ளை பெற்றுச் சில நாளே ஆன இருசம்மாள் நான்கு சுவர்களுக்குள் வானத்தைப் பார்த்துப் படுத்திருந்தாள். நாளைக்கே வருவதாகச் சொல்லிவிட்டு வந்திருந்தார். இப்போது மலைமேல் மேகம் கறுத்துக்கொண்டு வந்தது.

காலையிலேயே கிளம்பியிருக்கலாம். ஆனால் அவர் வேலை பார்த்த நிவாரணச் சங்கத்தின் கள்ளக்குறிச்சிக் கிளைக்கு ஒரு கொள்கை உண்டு. பேனரில் தலைவர் பெயர் எழுதி முடிக்காமல் எந்த உதவியும் படி இறங்காது. துன்பப்படுகிறவர்களுக்குத் தங்கள் துன்பத்தைத் துடைப்பது யார் என்று தெரிய வேண்டாமா? இன்னொரு கொள்கையும் உண்டு. செயலாளர் போட்டோக்காரரோடு வந்து சேராமல் ஒரு பாய்கூட வண்டியிலிருந்து இறங்கக்கூடாது. மீறினால் வேலை இல்லை.

சிங்கராயர் எலவனாசூர்கோட்டைக்காரர். முன்பு மாதா கோயில் சாமியாரின் டிராக்டரை ஓட்டிக்கொண்டிருந்தவர். சங்கத்தில் தலைவர், துணைத்தலைவர்கள், கௌரவ ஆலோசகர்கள் என்று நிறையப் பேர் இருந்தார்கள். வேலை செய்ய ஒருவர் போதும் என்று கருதினார்கள். ஆகவே டிரைவர், கிடங்குக் காவலர், பயிற்சியாளர் எல்லாம் அவரே. போன புயலுக்குப் பிறகு, சாய்ந்த மரங்களை வெட்டி அகற்ற வாலிபர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். வெட்டுவது முதல் வாரம், அகற்றுவது இரண்டாம் வாரம். இரண்டாம் வாரத்துக்கு நிதி வரவில்லை.

அந்த முதல் வாரத்து மாணவன் தங்கதுரை, ரம்பத்தோடு வந்தான்.

"இன்னா வாத்தியாரே, சரியா வுழுந்துச்சா?"

"நல்லாத்தான் வுழுந்துச்சு. நான் எப்படிடா போறது?"

"போவாதீங்க. நாங்க படிச்சிட்டு வருசக்கணக்கா குந்திக்கினு இருக்கோம். ஒங்க ஜீப்பு ஒருநாள் குந்துனா இன்னா?"

"மேல ஒரு பொம்பள பச்சப்புள்ளய வெச்சிக்கினு கூரை இல்லாம கெடக்குறா. மேகத்தப் பாரு."

தங்கதுரை பார்த்தான். மற்றவர்கள் தங்கதுரையைப் பார்த்தார்கள்.

"வண்டிய வுடக்கூடாதுன்னுதான் சொன்னாங்க. பாயப் பத்தி ஒண்ணும் சொல்லல. அந்தாண்ட ஒரு மலை ஜீப்பு மாட்டிக்கினு நிக்குது. தூக்கிக் குடுக்கிறோம், ஏத்திக்கோங்க. ஒங்க செயலாளரு கோவிச்சிக்க மாட்டாரா?"

சிங்கராயர் ஜீப்பின் பின்கதவைத் திறந்தார்.

"அவருக்கு வேற இன்னா வேல?"

வாலிபர்கள் தலைச்சுமையாகத் தார்ப்பாய்களைத் தூக்கிக்கொண்டு கிளைகளுக்கு மேலே ஏறித் தாண்டினார்கள். ஒருவன் பேனரைத் தூக்கிக் காட்டினான்.

"இத இன்னா பண்றது?"

"அதயும் ஏத்து. பெயின்ட் ஜாஸ்தியா கீது, தண்ணி எறங்காது."

சிங்கராயரும் மலை ஜீப்பில் ஏறிக்கொண்டார்.

மறுநாள் விடியும்போது மலையில் மழை பெய்தது. அதற்குள் தார்ப்பாய்களைக் கட்டியாகிவிட்டது. இருசம்மாளும் பிள்ளையும் நனையவில்லை. மதியம் சிங்கராயர் மரத்துக்கு இந்தப் பக்கம் நின்ற ஜீப்பை எடுத்துக்கொண்டு கள்ளக்குறிச்சிக்குத் திரும்பினார். செயலாளர் சாவியை வாங்கிக்கொண்டு, இனி வர வேண்டாம் என்றார். போட்டோ இல்லாததால், அந்த ஊருக்கு நிவாரணம் வழங்க இயலவில்லை என்று தலைமையகத்துக்குத் தந்தி போனது. பஸ் ஓடவில்லை. சிங்கராயர் எலவனாசூர்கோட்டைக்கு நடந்தார். மனைவி இசபெல்லா சோறு போட்டாள். சாப்பிட்டுப் படுத்தார்.