சுமாரான பெண்ணுக்கு ஒரு டியூக்

"பொண்ணு சுமார்தான்" என்று என்னைப் பற்றி முதலில் சொன்னது யார் என்று தெரியாது. மைசூர் ரயில்வே குவார்ட்டர்ஸில் நான் வளரும்போதே அது முடிவாகிப்போன விஷயமாக இருந்தது. கறுப்பு, துருத்திய முன்பல், தேவைக்கு மேல் உயரம். பத்து வருடம் பெண் பார்க்க வந்தவர்களின் முன்னால் போய் நின்றேன். "ஊருக்குப் போய் போன் பண்றோம்" என்று சொல்லிவிட்டுப் போனவர்கள் போன் செய்ததில்லை. ஒருவர் மட்டும் செய்தார், என் தங்கையைக் கேட்டு. அன்றைக்கு அம்மாவிடம், இனி யார் முன்னாலும் வந்து நிற்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். கல்லூரியில் இயற்பியல் ஆசிரியை வேலை, வீட்டில் ஒரு நாய், கை நிறைய நாவல்கள் என்று வாழ்க்கை நன்றாகவே போனது.

நாவல்கள் என்றால் இருநூறு வருடத்துக்கு முந்தைய இங்கிலாந்தில் நடக்கும் காதல் கதைகள். ரீஜென்சி நாவல் என்பார்கள். பிரபுக்களின் மாளிகையில் நடனம் நடக்கும். ஒரு பெண்ணை மட்டும் யாரும் ஆடக் கூப்பிட மாட்டார்கள். சுவரோரம் நாற்காலியில் உட்கார்ந்திருப்பாள். அவளைத் தேடி ஒரு டியூக், பிரபுக்களிலேயே பெரிய பிரபு, வருவான். எனக்கு அந்தப் பெண்களைப் பிடிக்கும். எழுதியவர்கள் மேல்தான் கோபம். முதல் பக்கத்தில் அழகில்லாதவள் என்று சத்தியம் செய்துவிட்டு, நூறாவது பக்கத்தில் திருட்டுத்தனமாக அவளுக்குக் கடல் மாதிரி கண்களைக் கொடுத்துவிடுவார்கள். மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் கூந்தல் தங்கமாகிவிடும். அவளை அப்படியே விட்டுவைத்தால் என்ன? டியூக்குக்கு மயக்கம் வந்துவிடுமா?

சரஸ்வதிபுரத்தில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவரின் வீட்டில் சனிக்கிழமை தோறும் நாங்கள் சில பெண்கள் கூடி இந்த நாவல்களைப் பற்றிப் பேசுவோம். அவரை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். என் கோபத்தை அங்கே சொன்னால் எல்லோரும் ஆமாம் என்பார்கள். முகத்தையா பார்க்க வேண்டும், மனசைத்தானே என்பார்கள். ஒரு வாரம், அம்மைத் தழும்பு விழுந்த முகமுள்ள ஒரு டீச்சரம்மாவை மணக்கத் தன் பட்டத்தையே துறக்கத் துணிந்த பிரபுவின் கதையைப் படித்துவிட்டு அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அதே சனிக்கிழமைதான் நான் கல்யாணம் செய்துகொள்ளப்போவதைச் சொன்னேன்.

அவர் கால்நடை மருத்துவர். ராமாபுரத்துக்காரர், கொங்குப் பேச்சு, எங்கள் பக்கத்தில் கிளினிக் வைத்திருக்கிறார். நாய்க்கு உடம்பு சரியில்லை என்று போனேன். "ஏனுங்க, நாய்க்குப் போயி யாராச்சும் மைசூர்பாக் குடுப்பாங்களா?" என்று திட்டினார். திட்டும்போதும் நாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். என்னை எடைபோட்டுப் பார்க்காத ஆண் ஒருவரின் முன்னால் நின்றது அதுவே முதல் தடவை என்று நினைக்கிறேன். நாய் தேறிய பிறகும் நாங்கள் பேசிக்கொண்டிருந்தோம். ஒரு நாள், "நானொன்னு கேக்கோணுங்க" என்று ஆரம்பித்தார். கேட்டார். சரி என்றேன். எனக்கு நாற்பத்தொரு வயது.

அக்கா கைக்குட்டையைக் கீழே வைத்தார். "ஹௌதா, நெஜமாவா? ரெண்டாந்தாரமா?"

"இல்லக்கா. அவருக்கும் இதுதான் முதல்."

"இத்தன நாள் ஏன் ஆகலயாம்? விசாரிச்சியா?"

"எனக்கு ஏன் ஆகலன்னு அவர் விசாரிக்கலயே."

"அது தெரிஞ்சதுதானேம்மா" என்றார் இன்னொருவர். யாரும் அவரைக் கண்டிக்கவில்லை.

அக்கா குரலைத் தாழ்த்திக்கொண்டார். "தப்பா எடுத்துக்காத. உன் சம்பளம் என்னன்னு அவருக்குத் தெரியுமா?"

தழும்பு விழுந்த டீச்சரம்மாவுக்காக வைத்திருந்த கண்ணீர் இன்னும் அவர் கன்னத்தில் காயவில்லை. பையை எடுத்துக்கொண்டு எழுந்து வந்தேன். வழியெல்லாம் நல்ல பதில்களாகத் தோன்றிக்கொண்டே இருந்தன.

அடுத்த வாரம் அவர்கள் எல்லோரும் சேர்ந்து எனக்குப் பரிசு அனுப்பினார்கள். நகரத்தில் பேர்போன பியூட்டி பார்லர் ஒன்றின் கூப்பன். கல்யாணத்துக்குள் நிறம் கூட்டும் சிகிச்சை, பல்லுக்குத் தனியாக ஏதோ. "அன்புடன்" என்று எழுதியிருந்தது. ஏளனத்துக்கு அனுப்பியிருந்தால் மன்னித்திருப்பேன். அன்பாகத்தான் அனுப்பியிருந்தார்கள்.

சனிக்கிழமை அதை நேரில் திருப்பிக் கொடுக்கப் போனேன். கிளம்பும்போது டாக்டர், "நானும் வாறனுங்க" என்று பைக்கை எடுத்தார். கூடத்தில் எல்லோரும் இருந்தார்கள். கூப்பனை மேஜையில் வைத்து, "இது எனக்கு வேண்டாம்க்கா" என்றேன். யாரும் அதைப் பார்க்கவில்லை. எல்லோரும் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், ஊனம் எங்கே ஒளிந்திருக்கிறது என்று தேடுகிறவர்கள் மாதிரி. முன் வழுக்கை, சட்டைப் பட்டனை இழுக்கும் தொப்பை, ஒரு காது கொஞ்சம் மந்தம். எதையும் அவர் ஒளிக்கவில்லை.

அக்கா சிரித்தபடியே கேட்டார். "டாக்டர், நீங்க சொல்லுங்க. இவகிட்ட அப்படி என்னத்தப் பாத்தீங்க?"

இப்போது நாவல்காரர்கள் மாதிரி என் கண்களைப் பற்றிச் சொல்லிவிடப் போகிறாரோ என்று எனக்குப் பயமாக இருந்தது.

அவர் உட்காரவில்லை. "ஏனுங்கம்மா, எங்கிட்ட என்னத்தப் பாத்தீங்கன்னு இவங்கள யாராச்சும் கேட்டீங்களா?" என்றார். கோபமாகத்தான் கேட்டார். "நானென்ன, அரவிந்தசாமி மாதிரியா இருக்கறனுங்க?" என்று வழக்கம்போல் கேலி பேசக்கூட அவருக்குத் தோன்றவில்லை, அந்த அளவுக்குக் கோபம். "போலாமுங்களா?" என்று என்னிடம் சொல்லிவிட்டு வெளியே போய் வண்டியைக் கிளப்பினார்.

பதிவாளர் அலுவலகத்தில் கல்யாணம் நடந்தது. ஸ்ரீரங்கப்பட்டணத்தில் கோயிலுக்குப் போய்விட்டு, உறவுக்காரர்களோடு ஹோட்டலில் சாப்பிட்டோம். படங்கள் வந்தபோது அவர் வெகுநேரம் பார்த்தார். பிறகு போட்டோகிராபருக்குப் போன் போட்டார். "ஏனுங்க, எங்க வீட்டுக்காரம்மாவக் காணமுங்க. பக்கத்துல வேற யாரோ வெள்ளையா நிக்கறாங்க."

"எல்லாரும் அப்படித்தான் சார் கேக்கறாங்க" என்றார் போட்டோகிராபர்.

"நாங்க கேக்கலியே."

எடுத்தபடியே இருக்கும் படங்கள் மறுநாள் வந்தன. ஒன்றைப் பெரிதாக்கிக் கூடத்தில் மாட்டினோம். சில மாதம் கழித்து அக்கா வீட்டுக்கு வந்தார். பழம், பூ எல்லாம் வாங்கி வந்திருந்தார். படத்தின் முன்னால் நின்று பார்த்துவிட்டு, "இன்னும் கொஞ்சம் வெளிச்சமா எடுத்திருக்கலாம்" என்றார்.

"அன்னிக்கு நல்ல வெயில்க்கா" என்றேன். அவர் கூப்பிட்டும் அதற்குப் பிறகு நான் சனிக்கிழமைகளில் அங்கே போகவில்லை.